அத்தைக்கு வந்த பத்துப் பூ

பத்து. அர்காதி கண்ணைக் கசக்கிவிட்டு இன்னொரு முறை எண்ணினான். பாழாய்ப்போன பத்து, பத்தாகவே இருந்தது.

கதவுக்கு வெளியே நின்றபடி அவனுடைய ஹாலந்து மாணவன் யோரிஸ், ஈரம் சொட்டும் துலிப் பூங்கொத்தை வாசற்படிக்கு மேலாக நீட்டிக்கொண்டிருந்தான். முகமெல்லாம் பல்.

"ஐயையோ, வாசப்படி மேல நீட்டாத! முதல்ல உள்ள வா. எத்தனை தடவை சொல்லிக் குடுத்திருக்கேன்!"

"மன்னிச்சுக்குங்க, அர்காதி லவோவிச். இந்தப் பூ என்னன்னா, உங்க அத்தை..."

"எல்லாம் அப்புறம் விளக்கமாச் சொல்றேன். ஷூவைக் கழட்டிட்டு, அந்த வீட்டுச் செருப்பைப் போட்டுக்க."

விளக்கமாகச் சொல்வதுதான் அர்காதியின் பிழைப்பு. யரஸ்லாவ்ல் நகருக்கு வந்து இறங்கும் வெளிநாட்டுக்காரர்களுக்கு ரஷ்ய வாழ்க்கை, ரஷ்யப் பண்பாடு, ரஷ்ய அரசியல் மூன்றையும் மணிக்கணக்கில் பாடம் எடுப்பான். கடைக்காரி ஏன் சிரிப்பதில்லை, கோடை வந்ததும் சுடுதண்ணீர் ஏன் நின்றுபோகிறது, நின்றதற்கு ஏன் யாரும் கோபப்படுவதில்லை என்று எதைக் கேட்டாலும் அவனிடம் பதில் உண்டு. "எங்க ஹாலந்துல ஓட்டு எண்ணி முடிக்கிற வரைக்கும் யாரு ஜெயிப்பாங்கன்னே தெரியாது" என்று யோரிஸ் ஒரு நாள் பெருமையடித்தபோது, "அடப் பாவமே, அதுவரைக்கும் எப்படிய்யா தூங்குறீங்க?" என்று நிஜமாகவே கவலைப்பட்டவன்.

இவ்வளவு சொல்லிக் கொடுத்த மேதாவி ஒன்றை மட்டும் விட்டுவிட்டான். உயிரோடு இருப்பவர்களுக்கு ஒற்றைப்படையில்தான் பூ கொடுக்க வேண்டும். இரட்டைப்படை செத்தவர்களுக்கு. பூ விளைகிற நாட்டிலிருந்து வந்தவனுக்குப் பூவைப் பற்றிப் பாடம் நடத்துவானேன் என்று நினைத்திருந்தான்.

அதுவும் இன்றைக்கா! இன்று கபித்தலீனா அத்தையின் பிறந்தநாள். இந்த வீடு அத்தையுடையது. அர்காதியும் மனைவி ரிம்மாவும் கல்யாணமான நாளிலிருந்து இதே வீட்டில், ஹாலைக் குறுக்கே மறிக்கும் ஒரு துணி அலமாரிக்குப் பின்னால் குடித்தனம் நடத்துகிறார்கள். கேக் வெட்டி முடித்ததும் வீட்டை அர்காதி பெயருக்கு எழுதிவைப்பதாக அத்தை சொல்லியிருந்தாள். பத்திரம் பதிகிற அக்னெஸ்ஸா அம்மாள், முத்திரையும் கையுமாக ஏற்கனவே வந்து சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்துவிட்டாள்.

அத்தை சகுனம் பார்ப்பதில் புலி. முதலில் வீட்டை வாங்கிக்கொள்ள வேண்டியவன் அர்காதியின் தம்பி க்ளேப்தான். ஒரு மழைநாளில் ஹாலில் நின்று ஏதோ ஞாபகத்தில் சீட்டியடித்தான். வீட்டுக்குள் சீட்டியடித்தால் செல்வம் ஓடிவிடுமாம். செல்வம் ஓடியதோ இல்லையோ, அத்தை துரத்தியதில் க்ளேப் ஓடிப்போனான். சீட்டிக்கே அந்தக் கதி என்றால் சாவுப் பூவுக்கு?

யோரிஸ் குனிந்து ஷூவைக் கழற்றும் நேரத்தில் அர்காதி கொத்திலிருந்து ஒரு பூவைச் சடக்கென்று உருவி, மாட்டியிருந்த தன் கோட்டுக் கைக்குள் செருகினான். ஒன்பது. அப்பாடா. கொத்தைச் சமையலறையில் ரிம்மாவிடம் கொடுத்துவிட்டு, வீடு கையில் வந்த மனிதனின் நடையோடு ஹாலுக்குப் போனான்.

ரிம்மா என்ன சாதாரணப் பெண்ணா? கதவு திறந்தபோதே சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்துப் பத்து என்று எண்ணிவிட்டிருந்தாள். 'இந்த மனுஷன் கண்ணுல இதெல்லாம் எங்க படப்போகுது' என்று முணுமுணுத்தபடி ஒரு பூவை உருவிக் குப்பை வாளியில், உருளைக்கிழங்குத் தோலுக்கு அடியில் புதைத்தாள். மிச்சத்தைப் பூச்சாடியில் வைத்து அத்தையின் எதிரில் கொண்டுவந்து வைத்தாள்.

"அடேயப்பா, என்ன அழகு!" என்றாள் அத்தை. சொல்லிவிட்டுத் தொலைக்காட்சிப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அதில் நாட்டில் எல்லாமே வளர்ந்துகொண்டிருந்தது.

அர்காதி சும்மா இருக்காமல் சாடியிலிருந்த பூக்களை எண்ணினான். எட்டு! தான் முதலில் தப்பாக எண்ணிவிட்டதாகவே நினைத்தான். வோட்காக் கிண்ணத்தோடு எழுந்து நின்றான்.

"எங்க கபித்தலீனா அத்தை நூறு வயசு வாழணும்! நூறு எதுக்கு, நூத்தியொண்ணு! ஒத்தைப்படையாவே இருக்கட்டும்!" என்று கையை அகல வீசியவன், வீசிய கையோடு ஒரு பூவை உருவிக் கால்சட்டைப் பைக்குள் திணித்தான்.

யோரிஸ் வாயைப் பிளந்தான். "அர்காதி லவோவிச், அந்தப் பூவை எடுக்காதீங்க, அது வந்து..."

"இதெல்லாம் எங்க பழக்கம்ப்பா. அப்புறம் விளக்கமாச் சொல்றேன். நீ மீனைச் சாப்பிடு."

ஹாலந்துக்காரன் பாவம், வாயை மூடிக்கொண்டு மீனைச் சாப்பிட்டான். ஆனால் புருஷன் பூவை உருவியதை ரிம்மாவும் பார்த்துவிட்டாள். அவள் கணக்கில் ஒன்பது இருந்தது. இந்தக் கடன்காரன் அதை எட்டாக்கிவிட்டான். பீட்ரூட் சாலட்டை எடுத்துவைக்கும் சாக்கில் குனிந்து இன்னொன்றை உருவி ஏப்ரனுக்குள் ஒளித்தாள். பிறகு புருஷனைப் பார்த்துக் கண்ணால் சமையலறையைக் காட்டினாள்.

அர்காதி உள்ளே வந்ததும் குழாயைத் திறந்துவிட்டான். அரசியல் பேசினாலும் அத்தையைப் பற்றிப் பேசினாலும் அந்தச் சமையலறையில் குழாய் ஓடும்.

"உனக்கு மூளை இருக்கா? நான்தான் ஒண்ணை எடுத்துச் சரி பண்ணினேனே, நீ எதுக்கு உருவுற?"

"என்னது, நீயும் எடுத்தியா? நான் வாசல்லயே ஒண்ணை எடுத்தாச்சு!"

"அட தெய்வமே! வாயில என்ன கொழுக்கட்டையா? சொல்றதுக்கென்ன!"

"நீ மட்டும் சொன்னியா?"

இருவரும் விரல் விட்டு எண்ணினார்கள். அவன் இரண்டு, அவள் இரண்டு. மேசையில் இருப்பது ஆறு.

"ஒண்ணைத் திரும்ப வெச்சிடு" என்றான் அர்காதி.

"எதை வைக்கிறது? ஒண்ணு கிழங்குத் தோலுக்கு அடியில கிடக்கு. ஒண்ணு தலை ஒடிஞ்சு போச்சு. உன்னோடதை வை."

அர்காதி பைக்குள் கைவிட்டான். சிவப்புச் சட்னி மாதிரி ஏதோ வந்தது.

"அப்ப இன்னும் ஒண்ணை உருவிடு. அஞ்சு இருக்கும். அஞ்சு போதும். ஆனா நீயே எடு, இனிமே நான் தொடமாட்டேன். ஒரே ஒருத்தர்தான் எடுக்கணும்" என்றாள் ரிம்மா. அந்த வீட்டில் முதன்முறையாக எல்லோரும் ஒத்துக்கொண்ட தீர்மானம் அது.

அர்காதி ஹாலுக்கு வந்தபோது அத்தை கேக் மேல் மெழுகுவத்தி ஏற்றிக்கொண்டிருந்தாள். அக்னெஸ்ஸா அம்மாள் பத்திரத்தை மேசையில் பிரித்து வைத்து, பேனாவின் மூடியையும் திறந்துவிட்டாள். நின்று எண்ணினால் அத்தை பார்த்துவிடுவாள். ஆகவே எண்ணாமலே, சாடியை நகர்த்துவதுபோல் நகர்த்தி ஒன்றை உருவி முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டான்.

அதன் பிறகு எண்ணினான். நாலு.

நாலு எப்படி வரும்? ரிம்மாவை முறைத்தான். அவள் இரண்டு கையையும் விரித்துக் காட்டினாள். அப்போது அக்னெஸ்ஸா அம்மாள் அவன் சட்டையை இழுத்துக் காதில் கிசுகிசுத்தாள்.

"கவலைப்படாதீங்க. ஆறு இருந்துச்சு, நான் ஒண்ணை எடுத்துட்டேன். ரெட்டைப்படைப் பூ வெச்ச மேசையில போட்ட கையெழுத்து, கோர்ட்டு வாசலைப் பார்க்காம இருந்ததில்ல. என் அனுபவம் அது." கைப்பையைக் கொஞ்சமாகத் திறந்து காட்டினாள். முத்திரைக்குப் பக்கத்தில் ஒரு துலிப் பூ படுத்திருந்தது.

அர்காதிக்கு அழுகையே வந்துவிட்டது.

அத்தை தொலைக்காட்சியை அணைத்தாள். மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஒவ்வொரு பூவாகத் தொட்டு எண்ணினாள்.

"ஒண்ணு. ரெண்டு. மூணு. நாலு." கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தாள். "அர்காஷா, மிச்சம் எங்க?"

இனி மறைத்துப் பயனில்லை. உண்மையைச் சொன்னால் பிழைத்தாலும் பிழைக்கலாம். அதிலும் உண்மையில் பழியைப் போட ஒரு வெளிநாட்டான் இருக்கும்போது என்ன பயம்? அர்காதி முதுகுக்குப் பின்னாலிருந்த பூவை மேசையில் வைத்தான். பைக்குள் இருந்த சட்னியை வைத்தான். கோட்டுக் கைக்குள்ளிருந்து ஒன்றைக் கொண்டுவந்து வைத்தான். ரிம்மா ஏப்ரனைத் திறந்தாள், குப்பை வாளியிலிருந்தும் தோண்டி எடுத்து வந்தாள். அக்னெஸ்ஸா அம்மாள் தன்னுடையதை யாரும் பார்க்காதபடி தள்ளி வைத்தாள். பாதி ஒடிந்து, பாதி நசுங்கி, கிழங்குத் தோல் ஒட்டி, ஆறும் வரிசையாகக் கிடந்தன.

"அத்தே, எல்லாம் உங்க ஆயுசுக்காகத்தான் பண்ணினோம். சத்தியமா! தப்பு இந்தப் பையனோடது. பத்துப் பூ வாங்கிட்டு வந்துட்டான், முட்டாப்பய. நம்ம வழக்கம் அவனுக்கு என்ன தெரியும்? உசுரோட இருக்கிறவங்களுக்கு யாராவது ரெட்டைப்படையில குடுப்பாங்களா? நான் இருந்தேனோ, உங்க தலை தப்பிச்சுது!"

யோரிஸ் காதுவரை சிவந்துபோனான். "வந்ததுலேருந்து நான் அதைத்தான் சொல்ல வர்றேன்..."

"நீ சும்மா இரு தம்பி, சாப்பிடு" என்றாள் அத்தை. பத்திரத்தை எடுத்து நிதானமாக நாலாக மடித்தாள். பிறகு அர்காதியை நிமிர்ந்து பார்த்தாள்.

"நாளைக்கு உன் மாமா சமாதியில வைக்கணும்னு நான்தான்டா அவனுக்குப் போன் போட்டு, பத்து எண்ணி வாங்கிட்டு வரச் சொன்னேன்; செத்த மனுஷனோட பூவையே குப்பை வாளியில போடுறவங்க கையில வீட்டைக் குடுத்தா, உசுரோட இருக்கிற என்னை எங்கடா போடுவீங்க?"