புண்ணியம் செய்த பூசணிக்காய்

செய்யூருக்குக் கிழக்கே சவுக்குத் தோப்பில் ஒளிச்சாமி வந்து இறங்கியதிலிருந்து, அந்தப் பக்கம் போகிற ஷேர் ஆட்டோவில் உட்கார இடம் கிடைப்பதில்லை. சாமி கையில் ஒரு பல்பு. ஒயர் இல்லை, ஹோல்டர் இல்லை. பாவம் செய்யாதவர் கையில் எரியும். பாவி கையில் எரியாது. இனி கோர்ட்டு, வக்கீல் எல்லாம் எதற்கு? இழுத்து மூடிவிடலாம்.

பெண் பார்க்கிறவர்கள்தான் அதிகம் முட்டிமோதினார்கள். ஜாதகம் பொய் சொல்லும், பல்பு சொல்லுமா? மாப்பிள்ளையை மட்டும் யாரும் தொடச் சொல்லவில்லை. ஆண்பிள்ளைகள் புண்ணியத்தோடே பிறந்துவிடுகிறார்கள் போலும்!

பூவாயியும் அந்த வரிசையில் நின்றாள். மகன் சரவணகுமாருக்குக் கருங்குழி ரேணுகாவைப் பேசி முடித்து, தாம்பூலம் மாற்ற நாளும் குறித்தாயிற்று. பெண்ணை அவளுக்கு ரொம்பப் பிடித்திருந்தது. பிறகு எதற்குச் சோதனை? ஊரே செய்கிறது, நாம் செய்யாவிட்டால் நாலு பேர் என்ன சொல்வார்கள்? அவ்வளவுதான். மகனோடு அந்தப் பெண்ணையும் இழுத்து வந்துவிட்டாள்.

தட்சணைத் தட்டு நிறைந்திருந்தவர்கள் கையிலெல்லாம் பல்பு பளிச்சென்று எரிந்தது. பூவாயியின் தட்டில் நாலு வாழைப்பழம்.

ரேணுகாவின் கையில் எரியவில்லை.

கூட்டம் உச்சுக் கொட்டியது. பூவாயி பல்பையும் ரேணுகாவையும் மாறி மாறிப் பார்த்தாள். ஆசைப்பட்ட மருமகள் ஆயிற்றே!

"தோஷம் தாயே. பரிகாரம் கீது, கொஞ்சம் செலவாவும். இல்லேன்னா வேற பொண்ணு பாரு" என்றார் சாமி.

"சாமி, முன்னாடி போனவங்களுக்கு பல்போட அடிப்பக்கத்த உள்ளங்கையில வெச்சீங்க. எனக்கு மட்டும் இன்னாத்துக்கு உருண்டப் பக்கத்தக் குடுத்தீங்க?" என்றாள் ரேணுகா.

பூவாயி அவள் கையைக் கிள்ளினாள். "கம்முனு இரும்மா, சாமிக் குத்தம் ஆயிடப் போவுது!"

ரேணுகா கம்மென்று இருக்கவில்லை. திருஷ்டிக்காக அறுத்து வைத்திருந்த பூசணிக்காயில், பல்பின் அடிப்பக்கத்தை அழுத்தினாள். பளிச்!

"அத்தை, பூசணிக்கா ஒரு பாவமும் பண்ணல போல. பேசாம இத்தயே மருமவளா இட்டுகினு போயிடுங்க."

கூட்டத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

"காயிக்கும் ஆத்மா கீதும்மா!" என்று சமாளித்தார் சாமி.

"அப்ப நீங்க புடிங்க." உருண்டைப் பக்கத்தை அவர் கையில் திணித்தாள். எரியவில்லை. திருப்பி வைத்தாள். எரிந்தது.

"ஒரு நிமிசத்துல பாவம் போயிடுச்சா சாமி? உள்ள சார்ஜ் ஏத்துற பேட்டரி கீது. அடியில கீற ரெண்டு முனையிலயும் ஈரமோ கையோ பட்டா எரியும். இதுக்குப் போயி இன்னா பாவம், இன்னா புண்ணியம்?"

சாமி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தோப்புக்குள் நழுவினார். தட்சணையை மறக்கவில்லை.

"நம்ம வூட்ல கூட ஒண்ணு கீதும்மா. கரண்டு போனா எரியுமே, அதான்" என்று முணுமுணுத்தான் சரவணகுமார்.

பூவாயி திகைத்தாள். "தெரிஞ்சுகினேவாடா சும்மா நின்ன?"

"எல்லாரும் கும்பிட்டாங்க. நானும் கும்பிட்டேன்."

ரேணுகா செருப்பை மாட்டிக்கொண்டாள். "தாம்பூலம் அப்புறமா மாத்திக்கலாம் அத்தை. மொதல்ல உங்க புள்ளைக்கு வாயத் தொறந்து ஒரு கேள்வி கேக்கத் தெரியுதான்னு நான் பாக்கணும்."

ஏமாற்றியவன் ஓடிவிட்டான். தெரிந்தும் கைகட்டி நின்றவர்கள் இன்னும் இங்கேதான் இருக்கிறோம். யோசிக்க வேண்டியது நாம்தான்.