பீரோவைத் தூக்குவதுபோல் என்னைத் தூக்கிய மைத்துனருக்கு

அன்பும் ஆற்றலும், குறிப்பாக ஆற்றல், நிறைந்த மைத்துனருக்கு,

அத்தான் எழுதுவது. இங்கே உங்கள் அக்காவும் என் வலது பாதியும் நலம். உங்கள் வீட்டாரும் பீரோ கடையும் நலமாக இருக்க வேண்டுகிறேன். பக்கவாதத்தில் இடது கை விழுந்துவிட்டதால் தாளை அழுத்திப் பிடிக்க ஆளில்லை. சர்க்கரை டப்பாவை மேலே வைத்து எழுதுகிறேன். எழுத்து கோணினால் டப்பாவைத் திட்டவும்.

போன மாதம் என்னைப் பார்க்க வந்தீர்கள், சந்தோஷம். கட்டிலிலிருந்து எழ நான் கொஞ்சம் தடுமாறியதும், "நீ நகருக்கா, நான் இருக்கேன்ல" என்று சொல்லி, முப்பது வருஷம் பீரோ ஏற்றி இறக்கிய அனுபவத்தையெல்லாம் திரட்டி, என் இடது கையைப் பிடித்து ஒரே இழுப்பு! நான் எழுந்தேன், தோள் எழவில்லை. மறுநாள் பிசியோதெரபி அம்மா தொட்டுப் பார்த்துவிட்டு, "தோள்ல தசைக்குப் பிடிமானமே இல்ல சார், எலும்பு ஒரு விரல் அளவு கீழ இறங்கியிருக்கு. யார் இழுத்தது?" என்றார். குடும்ப மானத்தைக் காப்பாற்ற, கதவில் இடித்துக்கொண்டேன் என்று புளுகினேன்.

அந்த அம்மா கைக்கு அடியில் தலையணை வைத்து, "இனிமே யாராவது இழுத்தா இந்தக் கை மேல வர்றது சந்தேகம்தான்" என்று சொல்லி, யாரும் தொடாமலிருக்க அடையாளமாக மணிக்கட்டில் சிவப்புத் துணி கட்டிவிட்டுப் போனார். அங்கேதான் வந்தது வினை. வருகிறவர்களெல்லாம் "இது என்ன துணி?" என்று கேட்டுக்கொண்டே கையைத் தூக்கிப் பார்க்கிறார்கள். மாடி வீட்டுத் தபால்காரர் தூக்கினார். எதிர்வீட்டு டெய்லர் தூக்கினார், துணி சாயம் போகுமாம். நம்ம சம்பந்தி இருக்காரே, "இழுத்து விட்டாத்தான் நரம்பு திறக்கும்"னு ஜன்னல் கம்பியில கப்பியும் கயிறும் கட்டி, கிணத்துல தண்ணி இறைக்கிற மாதிரி என் கையை இறைச்சார். நான் போட்ட கூச்சல்ல தெருநாய் ஓடிப்போச்சு. அவரோ, "பாத்தீங்களா, உணர்ச்சி வந்துடுச்சு!"ன்னு கைதட்டறார். எனக்கு வேற ஆசையே இல்ல மாப்பிள்ளை. இந்தக் கை கொஞ்சம் உயரணும், என் சட்டையை நானே மாட்டிக்கணும், அவ்வளவுதான்.

ஆகவே, பார்வையாளர்களுக்கு அனுமதி இல்லை என்று வாசலில் போர்டு மாட்டியாயிற்று. யாரும் வர வேண்டாம். முக்கியமாக, நீங்கள் வர வேண்டாம்.

குழந்தைகளுக்கு என் ஆசிகள். உங்கள் கடை பீரோக்களுக்கு என் ஆழ்ந்த அனுதாபங்கள்.

இப்படிக்கு,
இறங்கிய தோளுடன்,
அத்தான்.

பி.கு.: இதைத் தபாலில் சேர்க்காமல் ஐந்து நாள் ஆகிவிட்டது. போர்டு நன்றாக வேலை செய்கிறது, ஒரு ஈ காக்கா வரவில்லை. வலியும் பாதி குறைஞ்சுடுச்சு. ஆனா நானும் உங்க அக்காவும் ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருக்கோம். பேசறதுக்கு ஒண்ணுமே மிச்சமில்ல. போர்டைக் கழட்டச் சொல்லிட்டேன். மேல எழுதினதையெல்லாம் மறந்துட்டு ஞாயித்துக்கிழமை வந்துடுங்க. சிவப்புத் துணியை உங்க அக்காவை விட்டு வலது கைக்கு மாத்திக் கட்டிக்கிட்டேன். ஆசை தீர இழுங்க.