ஆயிரம் மீட்டர் நிபுணன்

சாக்குச் சொல்லிகள் என்று ஓர் இனம் உலகெங்கும் உண்டு. அதில் மிக உயர்ந்த வகை, ஆயிரம் மீட்டருக்கு அப்பால் உள்ள குறி அட்டையைக் கனரக ரைபிளால் சுடுகிறவர்கள். அடியேன் அந்த வகை.

எங்களை அடையாளம் காண்பது சுலபம். சுடுவதைவிடச் சுடப்போவதைப் பற்றியே அதிகம் பேசுவோம். ஒவ்வொரு தோட்டாவையும் நகைக்கடைத் தராசில் எடை போட்டு, இம்மி கூடினாலும் தள்ளிவைத்து, குழலின் சூட்டைத் தொட்டுப் பார்த்து, காற்று, வெயில், ஈரப்பதம், பூமியின் சுழற்சி எல்லாவற்றையும் நோட்டில் குறித்துக்கொண்டு, கடைசியில் ஒருவழியாகச் சுடுவோம். படாது. அது எங்கள் குற்றமா? பூமியை யார் சுற்றச் சொன்னது?

துப்பாக்கிச் சங்கத்தின் அணித் தேர்வில் ஆறு வருஷமாகத் தோற்றவன் நான். ஏழாவது முறை புறப்படும்போது மனைவி வாசலை மறித்தாள்.

"இந்தத் தடவையும் தேறலைன்னா?"

"துப்பாக்கியைச் சங்கத்துக்கே கொடுத்துடறேன். சத்தியமா."

"காத்து, வெயிலுன்னு வந்து நிக்கக் கூடாது."

"நிக்க மாட்டேன்."

சொல்லிவிட்டேன். ஆனால் துப்பாக்கி இல்லாத ஞாயிற்றுக்கிழமையில் நான் என்ன செய்வேன்?

சுடுதளத்தில் குப்புறப் படுத்தேன். பக்கத்தில் எங்கள் சங்கத்துப் பல் டாக்டர், அவரும் தேர்வுக்கு வந்தவர். தோட்டாவை எடையே போடாமல், கடைப் பெட்டியை அப்படியே பிரிக்கிற மனிதர். பாவம் என்று நினைத்துக்கொண்டேன். மூச்சைப் பிடித்து ஐந்து குண்டுகள் சுட்டேன். தொலைநோக்கியில் பார்த்தால், ஐந்தும் நடுவட்டத்தில்! கண் கலங்கிவிட்டது.

நடுவர் வந்தார்.

"சார், உங்க அட்டைல ஒண்ணுமே இல்ல. டாக்டர் அட்டைல பத்து ஓட்டை இருக்கு."

பூமியின் சுழற்சியைக் கணக்குப் போட்டவன், அட்டையின் எண்ணைப் பார்க்கவில்லை. எது யார் சுட்டது என்று தெரியாததால், அதிக மதிப்பெண் உள்ள ஐந்தும் விதிப்படி டாக்டருக்கே போயின. அவர் அணியில் சேர்ந்தார்.

"ரொம்ப தேங்க்ஸ் சார். என்ன தோட்டா போட்டீங்க?" என்று வேறு கேட்டார்.

வீட்டில் மனைவி காத்திருந்தாள்.

"என்னாச்சு?"

காற்று என்று சொல்லவில்லை. வெயில் என்றும் சொல்லவில்லை. சத்தியம் சத்தியம்தான்.

"அட்டைல நம்பரைச் சின்னதா எழுதியிருக்காங்க."

அவள் கையை நீட்டினாள். துப்பாக்கி அலமாரியின் சாவியைக் கொடுத்துவிட்டேன்.

சிரிக்கிறீர்களா? உங்களிடம் துப்பாக்கியே இல்லையா? சந்தோஷம். போன வாரம் நீங்கள் கைவைத்துக் கெட்டுப்போன அந்தக் காரியத்தைச் சற்று நினைத்துப் பாருங்கள். யாரால் கெட்டது?

பார்த்தீர்களா, முதலில் வேறு யார் பெயரோதான் வருகிறது.