முசியே கஸ்தோனின் ஆள்காட்டி விரல்

“இந்த ஐப்பசி மழைக்கு ஒரு சொட்டுத் தண்ணி உள்ள வந்தாலும் என் பேரு சிவசுப்பிரமணியன் இல்லை!”

வாசற்படியில் நின்று அவர் சபதம் போட்டது வரிச்சிக்குடித் தெரு முழுக்கக் கேட்டது. கேட்க வேண்டும் என்றுதான் அவரும் கத்தினார்.

விஷயம் இதுதான். வீடு கட்டி நாலு வருஷம் கழித்துத்தான் வாசலில் மூன்று சிமெண்ட் படி கட்டினார். படிக்கு அடியில் கொட்டிய மண் மழையில் இறங்கிப்போக, மேல்படிக்கும் வீட்டுச் சுவருக்கும் நடுவே விரல் நுழையும் அளவுக்கு இடைவெளி விழுந்துவிட்டது. மழைத்தண்ணீர் அதன் வழியாக அஸ்திவாரத்தில் இறங்கி முன்னறைத் தரையில் ஊறும். அங்கேதான் அவர் மனைவி பங்கஜவல்லியின் தையல் மிஷின். மூன்று வருஷமாக அவரே சிமெண்ட் பூசினார். மூன்று வருஷமும் அது தீபாவளிக்குள் வெடித்தது.

“ஏங்க, படி அசையுது, சுவர் அசையலை. கெட்டியா எதைப் பூசினாலும் வெடிக்கத்தான் செய்யும். ரப்பர் மாதிரி இழுத்துக் குடுக்கிற சீலண்ட் இருக்காம். கொத்தனார் மருதையன் சொன்னாரு.”

“அவரு சொன்னா வேதமா? நான் சிமெண்ட்டைக் குறைச்சுப் போட்டதுதான் தப்பு. இந்த வாட்டி அரை மூட்டை!”

“சரிங்க.”

கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷத்தில் அவள் இவ்வளவு சீக்கிரம் சரி என்று சொன்னதே கிடையாது. அப்போதே அவர் உஷாராகியிருக்க வேண்டும். வெற்றி மயக்கத்தில் விட்டுவிட்டார். அரை மூட்டையையும் பூசிவிட்டு, மறுநாள் கீழவாஞ்சூர் துறைமுகத்துக்கு வேலைக்குப் போனார்.

அடுத்த வாரம் மூன்று நாள் விடாமல் கொட்டித் தீர்த்தது. முன்னறையில் ஈரமே இல்லை. சிவசுப்பிரமணியன் தரையில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். கன்னத்தை வைத்துப் பார்த்தார். பிறகு குடையை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போய்ச் சொன்னார்.

நாலாம் நாள் எதிர்வீட்டு முசியே கஸ்தோன் வந்தார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர்; அதனால்தான் தெருவில் ‘ஐயா’வுக்குப் பதில் ‘முசியே’ என்ற மரியாதை. எதையும் தொட்டுப் பார்க்காமல் நம்ப மாட்டார். குனிந்து, படியும் சுவரும் சேரும் இடத்தில் ஆள்காட்டி விரலை வைத்து அழுத்தினார்.

“என்ன சிவம், உங்க சிமெண்ட் அமுங்குது?”

சிவசுப்பிரமணியனும் அமுக்கினார். அமுங்கியது. தெரு முழுக்க அடித்த தம்பட்டத்தை எந்த மூஞ்சியோடு திரும்ப வாங்குவது?

“அது அவரோட சொந்தக் கலவைங்க ஐயா,” என்று உள்ளிருந்து பங்கஜவல்லியின் குரல் வந்தது. “யாருக்கும் சொல்ல மாட்டாரு. எனக்கே சொல்லலை.”

“அப்படியா! அப்ப நாளைக்கு நம்ம வீட்டுப் படிக்கும் நீங்கதான் வரணும். மெர்சி!” கஸ்தோன் பிரெஞ்சிலேயே நன்றி சொல்லிக் கை குலுக்கிவிட்டுப் போனார்.

“பங்கஜம்...”

“நீங்க வேலைக்குப் போனதும் மருதையன் வந்து உங்க சிமெண்ட்டைக் கொத்தி எடுத்துட்டு சீலண்ட் அடிச்சாரு. தண்ணி தெருப்பக்கம் ஓடுற மாதிரி படியையும் வாட்டம் பாத்துப் பூசிட்டாரு. மேல சிமெண்ட் தூள் தூவினது மட்டும் நான்.”

“தூள் எதுக்கு?”

“தெரிஞ்சா மனசு கஷ்டப்படுவீங்கள்ல.”

சிவசுப்பிரமணியனுக்குக் கண் கலங்கிவிட்டது. வீட்டையும் காப்பாற்றி, அவர் மானத்தையும் காப்பாற்றியிருக்கிறாள். “நீ கிடைக்க நான் குடுத்து வச்சிருக்கணும் பங்கஜம்,” என்று வாய்விட்டே சொன்னார்.

“நாளைக்கு மருதையன் அங்க வந்துடுவாரு. நீங்க பக்கத்துல நின்னு கையை நீட்டிக் காட்டுங்க, போதும்.”

அவருக்கு மெல்ல ஒரு சந்தேகம் எழுந்தது.

“அப்ப, போன வருஷம் நான் சரி பண்ணின மோட்டாரு?”

“மெக்கானிக்.”

“மாடி ஒழுகினது?”

“மருதையன்.”

“வாசல் பெல்லு?”

“அது முழுக்க முழுக்க நீங்கதாங்க.”

அவர் நெஞ்சை நிமிர்த்தினார்.

“அதான் எல்லாரும் கதவைத் தட்டுறாங்க.”