ஆறு தேடிய பாலம்

வெண்கோட்டை நாட்டை ஆண்டவர்கள் நீதிமான்கள். அங்கே வரி எல்லோருக்கும் ஒன்றுதான். தலைநகரத்து வணிகனும் ஆற்றுக்கு அப்பால் நாணற்கரையில் இருந்த உழவனும் ஆறில் ஒரு பங்கைக் கொடுத்தாக வேண்டும். அந்தப் பங்கு எங்கே செலவாகிறது என்று கேட்கும் வழக்கம் மட்டும் அந்நாட்டில் இல்லை.

ஒரு மழைக்காலத்தில், வரிநெல்லை வண்டியில் ஏற்றிக்கொண்டு ஆற்றில் இறங்கிய நாணற்கரைத் தொப்புளான் கரையேறவில்லை. நெல் வந்து சேராததற்கு அபராதம் வந்தது. அதைக் கட்டிவிட்டு அவன் மனைவி மாராயி தலைநகருக்குப் போய் நிதியமைச்சர் அருஞ்சயர் முன் நின்றாள்.

"சாமி, எங்க ஊருக்கு ஒரு பாலம் வேணும். வருசந்தவறாம வரி குடுக்கறோம். ஆத்துக்கும் யாரையாச்சும் குடுத்துக்கிட்டுத்தான் இருக்கோம்."

அமைச்சர் வருத்தத்தோடு தலையசைத்தார்.

"எங்கே பாலத்தில் நெரிசல் அதிகமோ அங்கேதான் அடுத்த பாலம் கட்ட வேண்டும் என்பது சட்டம், அம்மா. உங்கள் ஊர்ப் பாலத்தில் இதுவரை எத்தனை பேர் நடந்திருக்கிறார்கள்?"

"பாலமே இல்லீங்களே."

"ஆக, ஒருவர்கூட நடக்கவில்லை."

மாராயி திரும்பிப் போனாள்.

சட்டப்படி தலைநகரில் பாலங்கள் பெருகின. கடைசியில் கட்டுவதற்கு ஓடைகளே மிஞ்சவில்லை. எனவே அரண்மனை வாசலில், வெறுந்தரை மேல் ஒரு பளிங்குப் பாலம் எழுந்தது. அதைப் பார்க்க வந்த அயல்நாட்டுத் தூதர், "இதன் கீழே என்ன ஓடுகிறது?" என்று கேட்டார். மன்னர் அன்று இரவு உணவு கொள்ளவில்லை.

மறுநாளே நாட்டில் வரி உயர்ந்தது. கால்வாய் வெட்ட ஊர்தோறும் ஆள் பிடித்தார்கள். "உங்க ஊர் ஆத்து வேலைதான்" என்றார்கள் சேவகர்கள். பாலத்துக்குத்தான் என்று நம்பி மாராயியும் மண் சுமந்தாள்.

கோடையில் ஆறு தடம் மாறித் தலைநகரின் பளிங்குப் பாலத்துக்குக் கீழே பாய்ந்தது.

அருஞ்சயர் நாணற்கரைக்கு நேரில் வந்தார். "உங்கள் நெடுநாள் கோரிக்கை நிறைவேறிவிட்டது. இனி இங்கே யாரும் ஆற்றில் மூழ்க மாட்டார்கள்" என்று அறிவித்தார். சேவகர்கள் கைதட்டினார்கள்.

"குடிக்கறதுக்கு, சாமி?" என்றாள் மாராயி.

"தலைநகரில் தண்ணீருக்குப் பஞ்சமில்லை. நடந்து வர வேண்டியதுதான். இப்போது குறுக்கே தடையேதும் இல்லையே."

பயிர் கருகியது. ஊர் காலியானது. மாராயியும் வீட்டைப் பூட்டிக்கொண்டு, ஒரு குடத்தோடு மணலைக் கடந்து தலைநகர் போய்ச் சேர்ந்தாள். பளிங்குப் பாலத்தின் படித்துறையில் காவலன் தடுத்தான்.

"எந்த ஊரு?"

"இந்த ஆறு இருந்த ஊரு."

அவன் கெட்டவன் அல்ல. அவளை நிமிர்ந்து பார்க்காமல் சொன்னான்: "வெளியூர் ஆளுங்களுக்குப் பொழுது சாஞ்ச பொறவுதாம்மா தண்ணி."

மாராயி குடத்தை இறக்கி வைத்துவிட்டு ஓரமாக உட்கார்ந்தாள். நகரத்துப் பிள்ளைகள் தண்ணீரில் குதித்து விளையாடிக்கொண்டிருந்தார்கள். வெயில் இன்னும் உச்சியில்தான் இருந்தது.