நான் கணையமாக இருந்த காலம்

உலகத்தில் எல்லா டாக்டர்களும் உட்கார்ந்து படித்துத்தான் டாக்டராகியிருக்கிறார்கள். நடந்தே டாக்டரானவள் ஒருத்திதான். அவள் எங்கள் லேடீஸ் ஹாஸ்டலில் இருந்தாள். என் தூக்கத்தைக் கெடுத்தவளும் அவள்தான்.

தூத்துக்குடி பீச் ரோட்டுக்குப் பின்னால் இருந்தது அந்த ஹாஸ்டல். நான் ஒரு கப்பல் கிளியரிங் ஆபீசில் பில் அடித்துக்கொண்டிருந்தேன். பக்கத்து ஊரான நாசரேத்திலிருந்து வந்த அந்த அக்கா வெளிநாட்டில் மருத்துவம் படித்து முடித்தவள். அந்தப் பட்டத்தை மட்டும் வைத்துக்கொண்டு இங்கே ஊசி போட முடியாது. தகுதித் தேர்வு ஒன்று எழுதிப் பாஸாக வேண்டும். முதல் வருஷத்தில் படித்து மறந்த எலும்பு, நரம்பு, சுரப்பி எல்லாவற்றையும் தூசி தட்டி மறுபடி மண்டையில் ஏற்ற வேண்டும். இரண்டு தடவை எழுதி, இரண்டு தடவையும் கோட்டை விட்டிருந்தாள். மூன்றாவதும் போனால் பேசாமல் சயின்ஸ் டீச்சர் வேலைக்குச் சேர் என்று, ஹெட்மிஸ்டிரஸாக இருந்து ஓய்வுபெற்ற அவள் அம்மா சொல்லிவிட்டார்.

அவளால் உட்கார்ந்து படிக்க முடியாது. புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வாசலிலிருந்து சமையலறை, அங்கிருந்து மாடி, மாடியிலிருந்து வாசல் என்று நடப்பாள். மாசத்துக்கு ஒரு ஜோடி செருப்பு தேய்ந்தது. நடை டாக்டர் என்று பெயர் வைத்தோம். அவள் கோபப்படவில்லை. கோபப்படவும் ஓர் இடத்தில் நிற்க வேண்டுமே.

"கொஞ்சம் உக்காந்துதான் படியுங்களேன்க்கா, பாக்கவே தலை சுத்துது" என்றேன் ஒருநாள்.

"உக்காந்தா பயமும் கூட வந்து மடியில உக்காந்துக்கிடுதுளா" என்றாள், நடந்துகொண்டே.

வந்த ஒரு மாசத்தில் ஹாஸ்டலையே உடம்பாக்கிவிட்டாள். வாசலில் நாற்காலி போட்டிருக்கும் வார்டன் டீச்சர் தைராய்டு. "வாசல்தான் கழுத்து, அங்கன இருக்காங்கல்லா? அவங்க கத்துனா எல்லாரும் ஓடுதோம், கத்தலன்னா எல்லாரும் தூங்குதோம். அதான் தைராய்டு வேலை." சமையல் செய்யும், பெரியதாழை ஊர்க்கார அக்கா சிறுநீரகம், உப்பை எவ்வளவு வைத்துக்கொள்வது, எவ்வளவு விடுவது என்று தீர்மானிப்பவள் அவள்தானாம். மாடியில் இடதுகைப் பக்கம் பத்தாம் நம்பர் ரூமில் இருந்த பேங்க் செல்வி மண்ணீரல். பழைய பேப்பர், பழைய டப்பா எதையும் விட்டுவைக்காமல் தூக்கிப் போடுகிற பெண். "மண்ணீரலும் பழைய ரத்த அணுவ அப்படித்தான் கழிச்சுக்கட்டும். இருக்கதும் இடது பக்கம், பத்தாம் விலா எலும்பு கிட்டத்தான். பாத்தியா பொருத்தத்த!"

"அப்போ நான்?" என்று கேட்டுத் தொலைத்தேன்.

"நீ கணையம். சாப்பாட்டு ஹால் இரைப்பை, அதுக்கு நேர் பின்னால உன் ரூம். சும்மாவே கெடப்ப, சோத்து வாசனை வந்ததும் முழிச்சுக்கிடுவ."

அன்றிலிருந்து எனக்கு நிம்மதி போனது. வாயில் பல்பொடியோடு நிற்பேன், "ஏளா கணையம், சர்க்கரைய அடக்குத உன் இன்சுலின் எந்த செல்லு?" என்பாள். துப்பிவிட்டுத்தான் பதில் சொல்ல முடியும், அதற்குள் அவளே "பீட்டா!" என்று கத்திக்கொண்டு மாடி ஏறிவிடுவாள். பெரியதாழை அக்கா ரசத்துக்கு உப்புப் போடும்போது பக்கத்தில் நின்று சோடியம், பொட்டாசியம் என்று ஜெபம் மாதிரி சொல்வாள். "மாதாவே, இந்தப் புள்ளக்கி சீக்கிரம் பாஸ் போட்டுக் குடுத்துரு, எனக்கு உப்புக் கணக்குத் தப்புது" என்று சமையல் அக்கா நிஜமாகவே ஜெபித்தாள். ரசம் ஒருநாள் கடலாகவும் மறுநாள் குழாய்த் தண்ணீராகவும் இருந்தது.

செல்வியும் நானும் எப்போதும் ஒட்டிக்கொண்டே திரிவோம். அதையும் நடை டாக்டர் விடவில்லை. "கணையத்தோட வாலு மண்ணீரலத் தொடும். உங்க ரெண்டு பேரையும் பாத்தா அது மறக்கவே மறக்காது."

பரீட்சைக்குப் பதினைந்து நாள் இருக்கும்போது செல்விக்கு ஏரல் கிளைக்கு மாற்றல் வந்தது. நான் அழுதேன். நடை டாக்டர் அழவில்லை. பத்தாம் நம்பர் ரூமைத் திறந்து பார்த்தாள், வெளியே வந்தாள், மறுபடி உள்ளே போனாள். அப்புறம் படிக்கட்டில் உட்கார்ந்தாள். அவள் உட்கார்ந்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"போயிட்டுளா" என்றாள். "மண்ணீரல் பாடம் முழுசும் போயிட்டு. ரூமு காலியா இருக்கு, என் மண்டையும் காலியா இருக்கு. இந்தத் தடவையும் அவ்வளவுதான்."

அதுவரை எரிச்சலோடுதான் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த நிமிஷத்தில், இவள் பாஸாகாவிட்டால் நான் சோறு தின்ன மாட்டேன் என்று தோன்றியது. கணையம் சோறு தின்ன மாட்டேன் என்பது சின்ன விஷயம் இல்லை. ஆபீசுக்கு லீவு சொல்லிவிட்டு அவளை ஏரல் பஸ்ஸில் ஏற்றினேன். பஸ்ஸில் நடக்க இடமில்லாததால் நின்றுகொண்டே வந்தாள்.

அன்று ஏரலில் சந்தைக் கூட்டம். பேங்கில் கவுண்டருக்குப் பின்னால் செல்வி. முன்னால் டோக்கனோடு அண்ணாச்சிமார் வரிசை. நடை டாக்டர் வரிசையை இடித்துக்கொண்டு போய்க் கண்ணாடிக்கு முன்னால் நின்றாள்.

"ஏளா, நீ ஒண்ணும் பேசாண்டாம். அங்கனயே இரு" என்று சொல்லிவிட்டு, கவுண்டருக்கு முன்னால் குறுக்கும் நெடுக்கும் நடந்தபடி மண்ணீரலை ஒப்பிக்க ஆரம்பித்தாள். நீளம், எடை, எந்த விலா எலும்பு, எந்த ரத்தக்குழாய், அதை எடுத்துவிட்டால் எந்தக் கிருமியெல்லாம் தாக்கும், என்ன தடுப்பூசி போட வேண்டும், எல்லாம் வந்தது. பேங்கே திரும்பிப் பார்த்தது. மேனேஜர் எழுந்து வந்தார்.

"என்னம்மா இது? யாரு நீங்க?"

"கஸ்டமர் இல்ல சார். இவ என் மண்ணீரல்."

வரிசையில் நின்ற அண்ணாச்சி ஒருவர் தன் டோக்கனை நீட்டினார். "பாவம், புள்ளக்கி என்னமோ உடம்புக்கு முடியல போலுக்கு. மொதல்ல அத அனுப்புங்க சார்."

திரும்பி வரும்போது அவள் முகமே மாறியிருந்தது. "அலையும் மண்ணீரல்னே ஒண்ணு புஸ்தகத்துல இருக்குளா! சில பேருக்குக் கட்டு தளந்து எடம் மாறிப் போயிரும். நான்தான் மறந்துட்டேன். இனி அது ஏரல்ல இருக்கட்டும், ஒண்ணும் மோசமில்ல."

மதுரைக்குப் போய் எழுதிவிட்டு வந்தாள். காலையும் மதியமும் கம்ப்யூட்டர் முன்னால் அசையாமல் உட்கார வேண்டிய பரீட்சை. எப்படி உட்கார்ந்தாள் என்று வார்டன் டீச்சரே கேட்டார்.

"உக்காரலையே டீச்சர். கண்ண மூடிக்கிட்டு இங்கனதான் நடந்தேன். வாசல்ல நீங்க இருந்தீங்க, அடுப்படில அக்கா நின்னாங்க, இவ தூங்கிக்கிட்டு இருந்தா. ஒரு கேள்விக்கு ஏரலுக்கே போயிட்டு வந்தேன்."

ரிசல்ட் வந்த மத்தியானம் ஹாஸ்டலே வாசலில் நின்றது. நடை டாக்டர் செல்போனைப் பார்த்தாள். விறுவிறுவென்று சமையலறைக்குப் போனாள், மாடிக்கு ஏறினாள், இறங்கினாள். மூன்றாவது சுற்றில்தான் மூச்சிரைக்க "பாஸ்" என்றாள். வார்டன் டீச்சர் போட்ட கத்தலில் ஹாஸ்டல் முழுக்க ஓடியது. பெரியதாழை அக்கா பாயாசம் வைத்தாள். அதிலும் லேசாக உப்பு இருந்தது. எல்லாரும் இரண்டாவது தடவையும் வாங்கிக் குடித்தோம்.

வருஷங்கள் போயின. அவள் இப்போது சாத்தான்குளம் பக்கம் ஓர் ஆஸ்பத்திரியில் டாக்டர். அங்கேயும் நோயாளிகளை நடந்துகொண்டேதான் பார்க்கிறாளாம். ஹாஸ்டலை விட்ட பிறகு நாங்கள் அதிகம் பேசிக்கொள்ளவில்லை.

போன மாதம் ஆபீசில் வைத்த மருத்துவ முகாமில் எனக்குச் சர்க்கரை இருக்கிறது என்றார்கள். காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு பயந்துபோய் நின்றேன். வீட்டுக்காரருக்குக்கூடச் சொல்லாமல் அவளைத்தான் முதலில் கூப்பிட்டேன். காகிதத்தில் இருந்த சர்க்கரை அளவைச் சொன்னேன். மறுமுனையில் செருப்புச் சத்தம் மட்டும் அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் போய்க்கொண்டிருந்தது. திடீரென்று அது நின்றது. அவள் நிற்கிறாள் என்று புரிந்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது.

"ஏளா கணையம்" என்றாள். "அழாத. பொறப்பட்டு இங்கன வா. உன்னை நான் முழுசாப் படிச்சிருக்கேன்."