பூசணிக்காய் தொடர்பாக ஒரு விளக்கம்

பொம்மனஹள்ளி,
பெங்களூரு.

குடியாத்தம் உயர்திரு சாமிநாதன் அவர்களுக்கு, கோவிந்தன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. 'அன்புள்ள சம்பந்தி' என்று ஆரம்பித்து அடித்துவிட்டேன். அந்த உரிமை எனக்கு இன்னும் இருக்கிறதா என்பதை இதைப் படித்துவிட்டுத் தாங்கள்தான் சொல்ல வேண்டும். இங்கு அனைவரும் நலம். இதைச் சம்பிரதாயத்துக்காக எழுதவில்லை. நான் உட்பட அனைவரும் உயிரோடு, நலமாக இருக்கிறோம்.

ஆயுத பூஜையன்று பெண் பார்க்கக் கூப்பிட்ட வீடியோ காலில் தாங்கள் பார்த்தது ரத்தம் அல்ல, பூசணிக்காய். "வெட்டுக்குத்து நடக்கிற வீட்டில் பெண் எடுக்க மாட்டோம்" என்று தங்கள் துணைவியார் சொன்னதாகத் தரகர் சுந்தரராமன் தெரிவித்தார். தாங்களும் என் போனை எடுப்பதில்லை. ஆகவே இந்த ஸ்பீடு போஸ்ட்.

என் மகள் வித்யாலட்சுமி வீட்டிலிருந்தே கம்பெனி வேலை பார்ப்பது தாங்கள் அறிந்ததே. இந்தத் தடவை போனஸ் வந்ததும் புது லேப்டாப், பெரிய ஸ்கிரீன், அதன் உச்சியில் உட்கார ஒரு கேமரா, மாட்டிக்கொண்டால் வெளிச்சத்தம் எதுவுமே காதில் விழாத ஹெட்போன், பட்டனை அழுத்தினால் ஏறி இறங்கும் மேசை, வீட்டுக்கென்று தானாகவே பெருக்கித் துடைக்கும் வட்டமான மெஷின், எல்லாம் வாங்கிப் போட்டாள். இவற்றின் மேல் எனக்கு உண்டான பிரியத்தை மறைக்க விரும்பவில்லை. காலையில் எழுந்ததும் மேசையை ஒருமுறை ஏற்றி இறக்கிவிட்டுத்தான் காபி குடிக்கிறேன். மெஷின் துடைக்கும்போது காலைத் தூக்கி வழிவிடுகிறேன், கட்டிலுக்கு அடியில் போய்விட்டால் எட்டிப் பார்க்கிறேன். என் மனைவி தமயந்தி, "என்னைக்காவது நான் துடைக்கும்போது காலைத் தூக்கினீங்களா?" என்று கேட்டாள்.

நான் தொழிற்சாலை ஸ்டோர்ஸில் வேலை பார்த்தே ரிட்டயர் ஆனவன். பொட்டு வைக்காத மெஷினைத் தொட்டுப் பழக்கமில்லை. தாங்கள் பதினோரு மணிக்குக் கூப்பிடுவதாகச் சொல்லியிருந்ததால் காலையிலேயே பூஜைக்கு உட்கார்ந்துவிட்டேன். லேப்டாப்புக்கு வைத்தேன், மேசைக்கு வைத்தேன், கேமராவுக்கு நெற்றி எது கண் எது என்று தெரியவில்லை, உத்தேசமாக நடுவில் சந்தனம் வைத்து அதன் மேல் குங்குமம் வைத்தேன். வட்ட மெஷினுக்குச் சக்கரம் இருப்பதால் அதுவும் வண்டிதான் என்று எலுமிச்சம்பழம் வைத்து ஓட்டினேன், அது ஏற முடியாமல் பொம்பளைக் குரலில் உதவி கேட்டது, பழத்தை எடுத்துவிட்டேன். கடைசியாகப் பூசணிக்காய். வாசலில் உடைத்தால் பைக் வழுக்கும் என்று ஹவுஸ் ஓனர் தடை போட்டிருப்பதால் ஹாலிலேயே பேப்பர் விரித்து, குங்குமத் தண்ணீர் நிறைய ஊற்றி, சுற்றிப் போட்டு உடைத்தேன். தமயந்தி அதில் ஓட்டை போட்ட கத்தியைக் கழுவ உள்ளே போனாள், நான் கை கழுவப் போனேன்.

இங்கேதான் விதி வந்தது. அந்த மெஷின் தினமும் பதினோரு மணிக்குத் தானாகவே கிளம்பும்படி வித்யா செட் பண்ணி வைத்திருக்கிறாள், பண்டிகை லீவு என்று அதுக்கு யார் சொல்வது? சரியாகத் தங்கள் போன் வந்த நேரத்துக்கு அதுவும் கிளம்பி, பேப்பரோடு பூசணிக்காய் மேல ஏறி, ஹால் முழுக்க அந்தச் செவப்பை இழுத்துத் துடைச்சு, பூஜை ரூமுக்கும் போயிட்டு, பொண்ணு உட்கார்ந்திருந்த நாற்காலிக்குப் பின்னாடியும் வந்துடுச்சு. கேமராவில் இருந்த பொட்டை வித்யா அவசரத்தில் முந்தானையால் துடைத்ததில் அது கலைந்து கண்ணாடி முழுக்கப் பரவியிருந்தது, அதனால் தங்களுக்கு எல்லாமே செவப்பாத்தான் தெரிஞ்சிருக்கும். நான் "நிறுத்து, நிறுத்து!" என்று கத்திக்கொண்டு ஓடி வந்தவன் விதைகள் மேல் கால் வைத்து மல்லாந்து விழுந்தேன். சத்தம் கேட்டுத் தமயந்தி ஓடி வந்தாள், கையிலிருந்த கத்தியைக் கீழே வைக்க அவளுக்குத் தோணல. ஆக, தாங்கள் பார்த்தது புருஷன் கீழே, பெண்டாட்டி கத்தியோடு மேலே, மகள் முன்னால் உட்கார்ந்து சிரித்த முகமாக. தங்கள் துணைவியார் வீறிட்டதில் நியாயம் உண்டு.

அந்தச் சிரிப்புதான் தங்கள் துணைவியாரை மிகவும் பயமுறுத்தியதாம். ஐயா, ஹெட்போன் மாட்டியிருந்த குழந்தைக்கு ஒன்றுமே கேட்கவில்லை. பின்னால் நடந்தது எதுவும் அறியாத அப்பாவிப் பெண். மாப்பிள்ளை வீட்டார் முன் முகம் மலர இருக்க வேண்டும் என்று நாங்கள் சொல்லிக் கொடுத்தபடி இருந்தாள், அவ்வளவே. அன்றிலிருந்து அவள் முகத்தில் என்னால் எதையும் படிக்க முடியவில்லை. எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. என் பொம்மை ஆசையால் என் பெண்ணின் வாழ்க்கை போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது. விதை சிக்கி நின்றுபோன வட்ட மெஷினைப் பரணில் ஏற்றிவிட்டேன். தாங்கள் சொன்னால் மிச்சத்தையும் கட்டி வைக்கிறேன், மேசையைக்கூட.

தங்கள் துணைவியாருக்கு எங்கள் இருவரின் நமஸ்காரம், படபடப்பு அடங்கியிருக்கும் என நம்புகிறேன். தங்கள் மகன் சிரஞ்சீவி ஹரிஷ்குமாருக்கு, எங்கே பெண் எடுத்தாலும், எங்கள் பரிபூரண ஆசிகள்.

இப்படிக்கு,
மனவருத்தத்துடனும் இடுப்பு வலியுடனும்,
கோவிந்தன்

பின்குறிப்பு: ஒட்டுவதற்கு முன் கடிதத்தை வித்யாவிடம் படித்துக் காட்டினேன். 'அப்பாவிப் பெண்' வந்த இடத்தில் நிறுத்தச் சொன்னாள். "அப்பா, ஸ்கிரீன் மூலையில நம்ம வீடும் சின்னதா தெரியும்பா. நான் எல்லாத்தையும் பார்த்துட்டுதான் இருந்தேன்." அப்புறம் ஏம்மா சிரிச்ச என்றேன். "அங்க எல்லாரும் கத்துறாங்க, அவர் மட்டும் வாயைப் பொத்திக்கிட்டுக் குலுங்குறாரு. பூசணிக்காய்னு அவருக்குப் புரிஞ்சிருக்கு. அதைப் பார்த்து எனக்கும் அடக்க முடியல." வீடியோ கால் கட்டானதுமே மாப்பிள்ளை, "மாமாவுக்கு அடி பலமா?" என்று மெசேஜ் அனுப்பினாராம். ஐயா, இத்தனை நாளில் என் இடுப்பைப் பற்றி விசாரித்தவர் அவர் ஒருவர்தான், தமயந்திகூடக் கேட்கவில்லை. போன ஞாயிறு நான் மார்க்கெட் போன நேரத்தில் நேரிலேயே வந்து, பரணிலிருந்து மெஷினை இறக்கி, இரண்டு பேருமாக உட்கார்ந்து விதையெல்லாம் எடுத்துவிட்டுத் திரும்பவும் பரணிலேயே வைத்திருக்கிறார்கள். இப்போது இறக்கிப் பார்த்தேன், ஓடுகிறது. எனவே என் விளக்கத்தைத் தாங்கள் ஏற்றாலும் சரி, ஏற்காவிட்டாலும் சரி, முகூர்த்தத்துக்கு ஒரு நல்ல நாள் பார்த்துச் சொல்லவும்.